டிராம் பாலத்துப் பலகைகள்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பாலக்கோடு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, ஆற்றுக்கு இந்தப் பக்கமே சாலையில் இறங்கிக்கொள்ள வேண்டும். இறங்குமிடத்தில் ஒரு மரக்கடை, ஒரு டீக்கடை. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை சரிந்து ஆற்றுக்கு வரும். ஆற்றின் மேல் கல்தூண்களில் நிற்கிறது இரும்புப் பாலம். அதைக் கடந்தால் ஊர். இப்போது அதன்மேல் சிமெண்டுப் பலகைகள் பதித்து, இரண்டு பக்கமும் குழாயால் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், மோட்டார் சைக்கிளுக்கு இடம் போதாது. ஆள் நடக்கிற பாலத்துக்கு இவ்வளவு பெரிய தூண்கள் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. அது ஆள் நடப்பதற்காகக் கட்டியதல்ல.

நான் பையனாக இருந்தபோது அதன்மேல் சின்ன ரயில் ஓடியது. தர்மபுரியிலிருந்து ஓசூர்ப் பக்கம் போன குறுகலான பாதை அது. எங்கள் ஊரில் யாரும் அதை ரயில் என்று சொன்னதில்லை. டிராம் என்றுதான் சொல்வார்கள். புளி மூட்டையும் ஆட்டுத்தோலும் ஏற்றிக்கொண்டு வரும். மேட்டில் ஏறும்போது ஆண்கள் இறங்கி நடந்து, சமதரையில் மறுபடியும் ஏறிக்கொள்வார்கள். யுத்தத்தின்போது டிராமை நிறுத்திவிட்டுத் தண்டவாளங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவற்றைத் தாங்கிய குறுக்குக் கட்டைகளும் போயின. தூண்களும், அவற்றின்மேல் கரைக்குக் கரை நீண்டு கிடந்த இரண்டு இரும்பு கர்டர்களும் மட்டும் மிஞ்சின. இரும்புக்காகத்தான் எல்லாவற்றையும் பிடுங்கினார்கள் என்றால் அந்த இரண்டையும் ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை.

முதலில் கொஞ்ச காலம் அந்த கர்டரின் மேல் குதிரை ஏறுவதுபோல இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து போனார்கள். பிறகு பலகை போட்டார்கள். வீட்டுக்கு ஒரு பலகை, மாடு கன்று அதிகமுள்ள பெரிய வீடுகளுக்கு இரண்டு. ஒரு கர்டரிலிருந்து இன்னொரு கர்டருக்குக் குறுக்காக வைக்க வேண்டும். நழுவாமலிருக்க அடியில் இரண்டு கட்டைகள் அடித்திருக்கும். சாலைக்கரையில் முதல் பலகையை மரக்கடை பாயின் அப்பா போட்டார். அவர்கள் வீடு ஊரில் இல்லை, கடைக்குப் பின்னால்தான். ஆனாலும் ஊரோடு ஒரு பலகை இருக்கட்டும் என்று போட்டதாகச் சொல்வார்கள்.

ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் அந்தந்த வீட்டின் குறி உளியால் வெட்டியிருக்கும். எங்களுடையது பாலத்தின் நடுவில் இருந்தது. பலகை உளுத்துப்போனால் தை மாதத்தில்தான் மாற்றலாம், அதுவும் அந்த வீட்டார் கையால்தான். மற்றவர்கள் தொடக்கூடாது. என் தம்பிக்கு விவரம் தெரியாத வயதில், ஆடிக்கொண்டிருந்த ஒரு பலகையைச் சரியாக நகர்த்தி வைத்துவிட்டு வந்தான். அதற்கு அந்த வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கே வந்து, “அடுத்த வூட்டு வாசப்படிய நீ வந்து பேத்து எடுப்பியாடா?” என்று சத்தம் போட்டார். பாலம் அப்படித்தான் இருந்தது. ஊரிலுள்ள எல்லா வீட்டு வாசற்படிகளையும் பிடுங்கி வரிசையாக ஆற்றின் மேல் வைத்ததுபோல.

வாசற்படி என்று ஆனபிறகு, வாசற்படிக்கு ஆகாதது பாலத்துக்கும் ஆகாது. பிணத்தை அதன்மேல் தூக்கிப்போகக் கூடாது. பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாத பெண் அதில் கால் வைக்கக் கூடாது. இதனால் பெரிய சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. ஊரின் சுடுகாடு ஊர்க்கரையிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து யாரையாவது கொண்டுவர வேண்டியிருந்தாலும் வருஷத்தில் பெரும்பாலும் ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். இறங்கித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

என் மனைவி தர்மபுரி ஆஸ்பத்திரியில் காமாலையில் இறந்தது அறுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம். எங்களுக்கு ஒரே மகள். அவள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகளுக்குப் பத்தியச் சமையல் செய்துகொண்டிருந்தபோதுதான் மனைவியின் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. மகளுக்குச் சொல்லாமல் மறைக்கப் பார்த்தாள். பிறகு முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்து பஸ் ஏறினாள். குழந்தைக்கு வசம்பு எங்கே வைத்திருக்கிறது என்று வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவள் உடலை ஏற்றிவர வாடகைக் கார்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். தர்மபுரியில் புளியை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். நான், என் தம்பி, உதவிக்கு வந்திருந்த பங்காளிகள் இருவர். லாரியின் தரையெல்லாம் புளிப் பிசுக்கு. அவளைச் சுற்றியிருந்த போர்வையின் ஓரம் அதில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டே வந்தேன். வேறு எதுவும் செய்ததாக ஞாபகம் இல்லை.

பஸ் நிற்குமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். மழை விட்டிருந்தது. ஆறு செம்மண் நிறத்தில் தூண்களின் பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிக் கடக்க வழியில்லை.

மரக்கடை பாய் வெளியே வந்தார். “எறக்குங்க, எறக்குங்க. லாரிக்காரரு எவ்ளோ நேரம் நிப்பாரு” என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் போய் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து போட்டார்.

“புதுசா இருக்குதே பாய்” என்றான் தம்பி. “திருப்பித் தர முடியாதுங்களே.” பிணம் கிடத்திய கட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கில்லை.

“யாருப்பா கேட்டா? படுக்க வைங்க மொதல்ல.”

தம்பி கையைக் குவித்து ஊர்க்கரையைப் பார்த்துக் கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் அங்கே கூட்டம் சேர்ந்தது. ஊர்க்கவுண்டர் குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் வந்தார். ஊர்க்கவுண்டர் என்பது எங்கள் பக்கத்தில் பரம்பரையாக வரும் பொறுப்பு. ஊர் வழக்கங்களை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாய் வீட்டுப் பலகைக்கு முந்தின பலகையில் நின்றார். அதற்குமேல் வந்தால் செத்த வீட்டுக்காரர்களோடு சேர்ந்ததாகிவிடும்.

“குமாஸ்தா” என்றார். நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “தண்ணி வடியற வரைக்கும் பாயி கொட்டாயிலயே வெச்சிருங்க. வேற என்னா பண்றது?”

“எப்பங்க வடியும்?” என்று தம்பி கேட்டான்.

“மேல மழ நின்னா நாளைக்கு. இல்லன்னா மறுநாளு.”

“காமால கண்ட ஒடம்புங்க. அதுவரைக்கும் தாங்காது.”

“அப்ப இந்தக் கரையிலயே முடிச்சிருங்க. பாயி ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

“நான் என்னாங்க சொல்றது” என்றார் பாய். “ஆனா அந்தப் பொண்ணு அங்க இருக்குதே. அம்மா மூஞ்சியப் பாக்க வேணாமா? என் பலகை மேல தாராளமா தூக்கிட்டுப் போங்க. எனக்கு ஒண்ணுமில்ல.”

“ஒம்பலகை ஒண்ணு, பாயி. மீதிய எப்படித் தாண்டறது? ஒரே தாவா?”

டீக்கடையிலிருந்து யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். ஆற்றில் ஒரு வாழைமரம் வேரோடு மிதந்து வந்தது. தூணில் முட்டி, நின்று, திரும்பி, மறுபடியும் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் மகள் ஊர்க்கரைக்கு வந்துவிட்டாள். தலையில் துண்டு, கையில் துணியில் சுற்றிய குழந்தை. “பச்ச ஒடம்போட ஈரத்துல வந்து நிக்கிறியேடி!” என்று பெண்கள் திட்டுவது இங்கே வரைக்கும் கேட்டது. பாலத்தின் முதல் பலகைக்கு முன்னால் நின்றாள், அதில் கால் வைக்கவில்லை. அவளுக்கும் தெரியும். அம்மா இந்தக் கரையைத் தாண்டி வர முடியாது, அவள் அந்தக் கரையைத் தாண்டி வர முடியாது.

“அப்பா!” என்று கத்தினாள். “மூஞ்சியத் தொறந்து காட்டுங்கப்பா!”

தம்பி போர்வையை விலக்கி, மனைவியின் தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான்.

“தெரியல!” என்றாள். பிறகு இன்னொரு தடவையும் சொன்னாள். “தெரியலப்பா!”

தம்பி தலையைக் கீழே வைத்தான். நான் போர்வையை மூடினேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி பாலத்தில் வந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஓடுகிற சாக்கடைத் தண்ணீரால் என் மனைவிக்கும் அவளுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. பேச்சு இல்லை என்றால் நேராகப் பேசிக்கொள்வதில்லை என்று அர்த்தம். சொல்ல வேண்டியதை ஆட்டிடமும் கோழியிடமும் சொல்லி, மற்றவர் காதில் விழும்படி செய்வார்கள். காலையில் எழுந்ததும் அந்தச் சத்தம் கேட்கும். அவள் தன் பலகை இருந்த இடத்துக்கு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். பலகையை இரண்டு ஆட்டு ஆட்டினாள். எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் ஆறு தெரிந்தது.

“என்னாம்மா பண்ற?” என்றார் ஊர்க்கவுண்டர்.

“அவ பொணம் என் பலகை மேல போவ வேணாங்க. என் பலகைய நான் வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறேன். அப்புறம் நீங்க தூக்குவீங்களோ நிறுத்துவீங்களோ, எனக்கென்னா வந்துது.”

“தையிலதான எடுக்கணும்?”

“தையில மாத்தறதுங்க. நான் மாத்தல, எடுக்கறேன். எடுக்கக்கூடாதுன்னு யாரு சொன்னா? சொல்லுங்க பாக்கலாம்.”

ஊர்க்கவுண்டர் யோசித்தார். உண்மையிலேயே அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. பலகையை ஒருவர் எடுப்பார் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அவர் பாலத்தைப் பார்த்தார், அவள் பலகை எடுத்த இடைவெளியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். குடையை மடக்கினார்.

“பலகை இல்லன்னா வாசப்படி இல்ல” என்றார். “வெறும் இரும்பு. அது யாரு வூட்டுதும் இல்ல.”

“வெள்ளக்காரன் வூட்டுது” என்றார் பாய். “அவன்தான் போயிட்டானே.”

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊர்க்கவுண்டர் ஊர்க்கரைக்குத் திரும்பிப் போய் ஏதோ சொன்னார். ஆண்களும் பெண்களுமாக வந்தார்கள். அவரவர் பலகையை அவரவர் எடுத்தார்கள். சாலைக்கரையிலிருந்து தொடங்கி, எடுத்துக்கொண்டே பின்வாங்கி ஊர்க்கரைக்குப் போனார்கள். பாய் தன் பலகையை எடுத்துக் கடைச்சுவரில் சாய்த்தார். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பலகையை மட்டும் யாரும் தொடவில்லை. அதைத் தாண்டி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் பலகையும் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டுச் சாவுக்கு எங்கள் பலகையை எடுக்க வேண்டியதில்லை.

கடைசியில் அந்த இரண்டு பலகைகள் தவிர, டிராம் போன மறுநாள் இருந்ததுபோல இரண்டு கர்டர்கள் மட்டும் கிடந்தன.

கட்டிலின் அகலமும் கர்டர்களின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்று. இடது கர்டரில் இரண்டு பேர், வலது கர்டரில் இரண்டு பேர் நடந்தால் கட்டில் நடுவில் வரும். முன்னால் பங்காளிகள் இருவரும், பின்னால் தம்பியும். நான்காவது ஆளாக நான் போனேன். “நீங்க வேணாங்க” என்று என் தோளிலிருந்து பாய் வாங்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

ஊர்க்கவுண்டர் ஊர்க்கரையிலிருந்து உத்தரவு போட்டார். “எல்லாரும் ஒரே கால வைங்க! எடது காலு!”

“இருக்கறதே ரெண்டு காலுங்க” என்றார் பாய் பல்லைக் கடித்துக்கொண்டு. “எது வருதோ அத வெக்கறோம். நீங்க கம்முனு இருங்க.”

நகர்ந்தார்கள். நடக்கவில்லை, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தார்கள். கர்டர் மழையில் வழுக்கியது. கீழே தண்ணீரின் சத்தத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்கவில்லை. பெங்களூர்க்காரர்களின் பலகை வந்ததும் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கித் தாண்டி வைத்தார்கள். கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. ஊர்க்கரையில் பெண்கள் அழுகையை நிறுத்தியிருந்தார்கள். வயதான ஒருவர், “டிராமு வர்ற மாதிரியே இருக்குது” என்றாராம். இதைப் பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள்.

நடுவில் எங்கள் பலகையின் மேல் கட்டிலை இறக்கி வைத்துத் தோள் மாற்றிக்கொண்டார்கள். நான் அவர்களுக்குப் பின்னால், கர்டரில் உட்கார்ந்து கையை ஊன்றி நகர்ந்து போய்க்கொண்டிருந்தேன். எழுந்து நடக்க முடியும் என்று தோன்றவில்லை. எங்கள் பலகைக்கு நான் வந்து சேர்ந்தபோது அவர்கள் மறுபடி தூக்கிவிட்டார்கள். பலகையில் கட்டில் கால்களின் ஈரம் நான்கு வட்டமாக இருந்தது.

மகள் கரையிலேயே நின்றிருந்தாள். கட்டிலைக் கீழே வைத்ததும் தம்பி போர்வையை விலக்கினான். குழந்தையை யாரிடமும் கொடுக்காமல் அப்படியே குனிந்து பார்த்தாள்.

“மஞ்சள் பூசினீங்களாப்பா?” என்றாள்.

“இல்ல” என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பெண்கள் அப்போதுதான் உரக்க அழ ஆரம்பித்தார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை எல்லாம் முறைப்படி நடந்தன.

நான் தினமும் டைரி எழுதுகிறவன். அன்றைய பக்கத்தில் மழை, ஆற்றின் மட்டம், யார் யார் தூக்கினார்கள், யார் யார் வந்தார்கள் எல்லாம் இருக்கின்றன. நான் என்ன நினைத்தேன் என்பது இல்லை. எதையும் நினைக்கவில்லை என்றுதான் படுகிறது. அடுத்து வந்த மாதங்களின் பக்கங்களும் அப்படியேதான் இருக்கின்றன. ஆபீஸ் போனேன், வந்தேன், குழந்தைக்குச் சளி, குழந்தைக்குச் சளி குறைந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பலகையைத் தன் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் வெறுப்பில் சொன்னாளா, வேறு மாதிரி சொல்லத் தெரியாமல் சொன்னாளா என்று ஊரில் ரொம்ப நாள் பேசினார்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள்.

பலகைகளைத் திரும்பப் போட்டதில்தான் தவறு நடந்தது. மறுநாள் காலையில் எங்கள் உறவுக்காரர்கள் பஸ்ஸில் வந்து சாலைக்கரையில் நின்றுகொண்டு கத்தினார்கள். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். ஊரிலிருந்த சில ஆண்கள் கரையில் குவிந்து கிடந்த பலகைகளை, கைக்கு வந்த வரிசையில் அடுக்கிக்கொண்டே போனார்கள். எடுத்தது மாற்றுவதாகாது என்றால் போடுவதும் மாற்றுவதாகாது என்று நினைத்திருக்கிறார்கள். யாருடைய பலகை எங்கே என்று அவர்கள் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி அன்று சாயங்காலம் தன் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள். அவள் இடத்தில் ஊர்க்கவுண்டர் வீட்டுப் பலகை கிடந்தது.

“இத எடுங்க” என்றாள்.

“தை வரைக்கும் எப்படிம்மா எடுக்கறது?” என்றார் அவர்.

“நேத்து மட்டும் எடுத்தீங்க?”

“நேத்து அது சாவுக்கு.”

“அப்ப நான் செத்தாதான் என் எடம் எனக்குக் கெடைக்குமா?”

அவள் பலகை, மிச்சமிருந்த ஒரே இடமான சாலைக்கரையின் ஓரத்தில், பாயின் பலகைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. “வாங்க வாங்க, இனிமே நம்ம பக்கத்து வூடு” என்றாராம் பாய். அவரையும் திட்டிவிட்டு வந்தாள்.

தை வந்தது. எல்லாவற்றையும் எடுத்துப் பழைய வரிசையில் போடுவது என்று பேசினார்கள். எங்கிருந்து தொடங்குவது, யார் முதலில் எடுப்பது என்பதிலேயே நாள் போயிற்று. சிலர் தங்கள் பழைய இடத்துக்குப் போக விரும்பவில்லை, புது இடத்தில் தூண் இருப்பதால் ஆட்டம் குறைவு என்றார்கள். அந்தத் தையில் யாரும் எதையும் மாற்றவில்லை. அதன்பிறகு உளுத்த பலகையை, யாருக்கு அதில் முதலில் கால் தடுக்கியதோ அவர் மாற்றினார். குறி வெட்டுவதும் நின்றுபோயிற்று. அடுத்த மழைக்காலத்தில் கீழ்த்தெருவில் ஒருவர் சேலத்தில் இறந்து, அவரைப் பாலத்தின் மேலேயே கொண்டுவந்தார்கள். யாரும் பலகையை எடுக்கவில்லை. ஊர்க்கவுண்டர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது யாரும் யோசிப்பதுகூட இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் பஞ்சாயத்தில் சிமெண்டுப் பலகை போட்டார்கள். பழைய மரப்பலகைகளை வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரும்பாலும் மாட்டுத்தொட்டிக்கும் அடுப்புக்கும் போயின. நான் எதையும் எடுத்துவரவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் மகளுக்கு இரண்டாவது குழந்தை, தர்மபுரி ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நேராக என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். பஸ் நிற்குமிடத்தில் போய் நின்றேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பெரியவள் அவள் புடவையைப் பிடித்திருந்தாள். பாய் கடையிலிருந்தபடியே, “பையனா?” என்று கேட்டார். “பையன்தாங்க” என்றாள்.

பாலத்தில் அவள் முன்னால் நடந்தாள். எதிரில் வந்த பெண்கள் கைப்பிடிப் பக்கம் ஒதுங்கி வழிவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார இடமே கிடைக்கவில்லை, பாலக்கோட்டில்தான் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.